ரீஃப் தொட்டியில் பிஎச் ஏறவில்லையா? தூளை நிறுத்திவிட்டு அறைக் காற்றைப் பாருங்கள்

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் முதல் மாடி வீடு. படுக்கையறையில் 300 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), அடியில் கேபினட்டுக்குள் சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி). மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் கோரல் (மூன்றுமே கல் எலும்பு வளர்க்காத பவள வகைகள்), இரண்டு க்ளவுன் மீன் இருக்கின்றன. காலையில் பிஎச் 7.7, மாலையில் 7.9. கடையில் கொடுத்த 'பிஎச் அப்' தூளைத் தினமும் போடுகிறேன். போட்டதும் 8.1 வரை போகிறது, இரவுக்குள் இறங்கிவிடுகிறது. மூன்று வாரத்தில் கேஎச் (காரத்தன்மை) 8லிருந்து 11.5 ஆகிவிட்டது, பிஎச் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தூளை இன்றோடு நிறுத்துங்கள். விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: போட்ட தூளெல்லாம் கேஎச்சாகச் சேர்ந்துவிட்டது, பிஎச்சாகச் சேரவில்லை.

கடல்நீரின் பிஎச்சை இரண்டு விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று காரத்தன்மை, நாம் கேஎச் கிட்டில் அளப்பது. மற்றது நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு. கேஎச் 8 உள்ள தொட்டி நீரை வெளிக்காற்றோடு நன்றாகக் கலந்தால் பிஎச் 8.2, 8.3க்கு அருகில் வந்து நிற்கும். வெளிக்காற்றில் இப்போது கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 420 பங்கு) சற்று மேல். நீர் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றில் இந்த அளவு இரட்டிப்பானால் பிஎச் 0.25 முதல் 0.3 வரை இறங்கும். 850 பிபிஎம்மில் 8.0 அளவு, 1,700 பிபிஎம்மில் 7.7 அளவு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டு, இரண்டு பேர் தூங்கும் அறை விடியற்காலையில் 1,700 பிபிஎம்மைத் தொடுவது சாதாரணம். உங்கள் காலை அளவு அதற்கு அப்படியே பொருந்துகிறது.

ஏசி ஓடினால் காற்று மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது.

தூள் ஏன் தோற்கிறது என்பதும் இதில் அடங்கிவிடும். அந்தத் தூள் பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டாக இருக்கும், அல்லது அதோடு பைகார்பனேட் கலந்தது. கார்பனேட் நீரில் விழுந்ததும் அங்கிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து பைகார்பனேட்டாக மாறும். அதனால் பிஎச் சட்டென்று ஏறும். ஆனால் அறைக் காற்று மாறவில்லையே! சில மணி நேரத்தில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு மறுபடி நீரில் இறங்கி, விட்ட இடத்துக்கே வந்துவிடும். மிஞ்சுவது கூடுதல் கேஎச். அந்த கேஎச்சும் பிஎச்சைக் கொஞ்சம் தூக்கும்தான், ஆனால் 8லிருந்து 11.5க்கு ஏற்றியதற்குக் கூலி 0.15 மட்டுமே. முழுதாக 0.3 வேண்டுமென்றால் கேஎச்சை 16க்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அளவில் கால்சியம் கார்பனேட் படிந்து பம்ப், ஹீட்டர் எல்லாம் வெள்ளை ஓடு கட்டிக்கொள்ளும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சில 'பஃபர்' தூள்களில் போரேட் கலந்திருக்கும். அதையும் கேஎச் கிட் காரத்தன்மையாகவே எண்ணிக் காட்டும். லேபிளில் சேர்மானம் போடாத தூளை ரீஃப் தொட்டியில் போடாமல் இருப்பதே மேல்.

மேலே போகுமுன் மீட்டர் சரியா என்று பார்த்துவிடுங்கள். 7.7 என்பது நிஜமான 8.0ஆகவும் இருக்கலாம். பேனா மீட்டரோடு வரும் சிறு பாக்கெட்டுகள் வழக்கமாக 4.01, 6.86, 9.18 என மூன்று. கடல்நீருக்கு 6.86, 9.18 இரண்டையும் வைத்து அளவு திருத்துங்கள், 4.01 இங்கே தேவைப்படாது. 10.01 திரவம் வைத்திருந்தால், திறந்த பாட்டில் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி மெதுவாக இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். பழைய பாட்டிலை நம்பி அளவு திருத்தினால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பாக்கெட் தீர்ந்துவிட்டால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. வெங்காரம் 3.8 கிராமை ஒரு லிட்டர் சுத்தமான ஆர்ஓ நீரில் கரைத்தால் 25 டிகிரியில் 9.18, 30 டிகிரியில் 9.14. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சில சமயம் பொரித்த வெங்காரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பொரித்ததில் நீர்ச்சத்து போயிருக்கும் என்பதால் எடைக் கணக்கு தவறிவிடும். பொரிக்காத, கண்ணாடித் துண்டு போன்ற கட்டியாகப் பார்த்து வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். கடைச் சரக்கின் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை, ஆகவே இது மீட்டரைச் சந்தேகிக்க மட்டும், அளவு திருத்த அல்ல. இந்தக் கரைசல் தொட்டிக்குள் போகக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டரின் முனையை ஆர்ஓ நீரில் ஊறவைப்பது பலர் செய்யும் தவறு, அது முனையைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும். இன்னொன்று: தொட்டிக்குள் முனையை விட்டதும் எண் ஆடுகிறது, ஒரு டம்ளரில் நீரை மொண்டு தள்ளி வைத்து அளந்தால் நிற்கிறது என்றால், ஏதோ ஒரு பம்ப்பிலோ ஹீட்டரிலோ மின்கசிவு இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடியுங்கள். இது பிஎச்சுக்காக இல்லை, உங்கள் கைக்காக.

மீட்டர் சரி என்று தெரிந்த பிறகு ஒரு சோதனை. செலவில்லாதது, ஆனால் இந்தப் பதிலிலேயே முக்கியமானது இதுதான். விடியற்காலையில், விளக்கு எரியும் முன், இரண்டு பாத்திரங்களில் அரை லிட்டர் தொட்டி நீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎச்சைக் குறித்து வையுங்கள். ஒன்றைத் தொட்டி இருக்கும் அறையிலேயே, கதவு சாத்தியபடி வைத்து ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மற்றதை மொட்டை மாடி நிழலில் வைத்து அதேபோல் குமிழி விடுங்கள். வெயில் படக்கூடாது. பேட்டரியில் ஓடும் மீன்பிடிப்பவர்களின் ஏர் பம்ப் இதற்குத் தோதானது. பிறகு இரண்டையும் அளங்கள்.

மாடியில் வைத்தது 8.2ஐ நோக்கி ஏறி, அறையில் வைத்தது அசையாமல் இருந்தால் குற்றவாளி அறைக் காற்று. இரண்டுமே ஏறினால் அறைக் காற்று பரவாயில்லை, தொட்டியில்தான் காற்றும் நீரும் போதுமான அளவு கலக்கவில்லை: ஸ்கிம்மர் சரியாக இழுக்கவில்லை, நீர்மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறது, அல்லது மேலே கண்ணாடி மூடி இருக்கிறது. இரண்டுமே ஏறாவிட்டால் கேஎச் கிட்டையோ மீட்டரையோ மறுபடி சந்தேகியுங்கள். உங்கள் எண்களைப் பார்த்தால் முதல் விடைதான் வரும் என்று தோன்றுகிறது, இருந்தாலும் சோதித்துவிட்டுச் செலவு செய்யுங்கள். காற்றை நேராக அளக்க கார்பன் டை ஆக்சைடு மானி வாங்குவதென்றால், அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். மலிவானவற்றில் பல, வேறு வாயுக்களை அளந்து குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டுபவை. அவற்றின் பக்கத்தில் சாம்பிராணி போட்டால் எண் எகிறும்!

இனி தீர்வுகள். முதலில் ஜன்னல். பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியபின் ஒரு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே மாலை அளவு ஏறும். ஆனால் இரவு மறுபடி சாத்தினால் காலை அளவு பழையபடிதான். சித்திரை வைகாசியில் ஜன்னலைத் திறந்து தூங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. தொட்டியும் 28 டிகிரியைத் தாண்டி ஏறிவிடும்.

அதனால் நிலையான தீர்வு, ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று கொடுப்பது. ஸ்கிம்மர் மணிக்குப் பல நூறு லிட்டர் காற்றை நீரோடு அரைத்துக் கலக்கும் கருவி. இப்போது அது கேபினட்டுக்குள் அடைபட்ட காற்றைத்தான் இழுக்கிறது. காற்றிழுக்கும் முனையில் ஒரு குழாய் மாட்டி வெளியே கொண்டுபோங்கள். சுவரில் புதிதாகத் துளை போட வேண்டாம். ஏசியின் செம்புக் குழாய் வெளியேறும் துளையில் பக்கத்தில் இடம் இருக்கும், அந்த வழியாகவே விடலாம். குழாய் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமானால் ஸ்கிம்மரோடு வந்த மெல்லிய குழாயையே நீட்டாதீர்கள், காற்று இழுவை குறைந்து நுரையே எழாது. உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயை வெளியே வரை விட்டு, ஸ்கிம்மருக்கு அருகில் மட்டும் சிறிதாக இணையுங்கள். மாட்டிய பிறகு நுரை மட்டம் முன்பு நின்ற உயரத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

வெளி முனையைக் கீழ்நோக்கி வளைத்து, மழை உள்ளே போகாதபடி கட்டி, நைலான் கொசுவலையால் மூடுங்கள். வலை இல்லாவிட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்றால், குளவி வந்து குழாய்க்குள் மண்கூடு கட்டும். ஒரு வாரத்தில் காற்று நின்றுவிடும், பிஎச் ஏன் இறங்கியது என்று தெரியாமல் மறுபடி தூள் டப்பாவைத் தேடுவீர்கள். ஜெனரேட்டர் புகை, அடுப்படி எக்ஸாஸ்ட் இவற்றுக்குப் பக்கத்தில் முனை இருக்கக்கூடாது.

இதைவிட முக்கியம் கொசு மருந்துப் புகை. தெருவில் புகை வண்டி வரும் சத்தம் கேட்டதும் குழாயைக் கழற்றி ஸ்கிம்மரை அறைக் காற்றுக்கு மாற்றுங்கள், அல்லது ஸ்கிம்மரையே நிறுத்துங்கள். அதில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்து இறாலுக்கும் நண்டுக்கும் துளியளவே போதும், மீனுக்கும் ஆகாது. கழற்ற வசதியாகக் கேபினட்டுக்குள் ஒரு மூவழி வால்வு வைத்துவிட்டால் பத்து நொடி வேலை. போகி காலையிலும் தீபாவளி இரவிலும் அதே வால்வு உதவும்.

வெளியே குழாய் விடவே முடியாத வீடு, வாடகை வீடு என்றால் சோடா லைம். மயக்க மருந்து இயந்திரத்தில் நோயாளியின் மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கப் பயன்படும் அதே மணிகள், மருத்துவமனைப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். 10 அங்குல வாட்டர் ஃபில்டர் கூட்டில் நிரப்பி, ஸ்கிம்மர் இழுக்கும் காற்றை அதன் வழியாக விட வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வையுங்கள். மணிகளிலிருந்து உதிரும் தூள் கடுமையான காரம், தொட்டிக்குள் போகக்கூடாது. வெள்ளை மணி ஊதாவாக மாறினால் தீர்ந்தது என்று பொருள். ஆனால் ஓட்டத்தை நிறுத்திச் சில மணி நேரம் விட்டால் ஊதா மறுபடி வெளுக்கும். உயிர் வந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம், மாறிய தேதியைக் கூட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். மூடிய ஏசி அறையில் இது சீக்கிரம் தீரும், மாதாமாதம் செலவு வைக்கும். வெளிக் குழாய் முடியும்போது இதற்கு ஏன் போக வேண்டும் என்பதே என் எண்ணம். வெளிக் குழாய் போட்ட பிறகும் போதாத வீட்டில், அந்தக் குழாயின் வழியிலேயே இதையும் வைத்தால் மணிகள் பல மடங்கு நாள் தாங்கும்.

சுண்ணாம்புத் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சரியாகச் செய்தால் நல்ல கருவி, தவறினால் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யும். கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீர் இது. பள்ளியில் குழாய் வைத்து ஊதிப் பால் போலாக்கினோமே, அதே தெளிந்த சுண்ணாம்பு நீர். தொட்டியில் விழுந்ததும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து கேஎச்சாக மாற்றும், கூடவே கால்சியமும் கொடுக்கும். தெவிட்டிய கரைசலில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே கரையும், பிஎச் 12.4 இருக்கும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு ஊரில் சுலபமாகக் கிடைக்கிறதே, வெற்றிலைச் சுண்ணாம்பும் அதுதானே என்று கேட்பார்கள். வேதியியல்படி அதுதான். ஆனால் கிளிஞ்சலோடு சூளையில் என்னென்ன வெந்தது, பாஸ்பேட் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டப்பாவில் வரும் வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனையும் நிறமும் சேர்த்திருப்பார்கள். லேபுக்கான தரம் அல்லது உணவுத் தரம் என்று லேபிளில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் அது மெல்ல வெறும் சாக்கட்டிப் பொடியாகிவிடும்.

அளவு: ஒரு கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு 100 லிட்டர் நீரில் கேஎச்சை 0.75 டிகிரியும் கால்சியத்தை 5.4 பிபிஎம்மும் ஏற்றும். இதில் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே: பிஎச்சைப் பார்த்து அளவை முடிவு செய்யக்கூடாது, தொட்டி ஒரு நாளில் எவ்வளவு கேஎச் தின்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மஷ்ரூமும் ஜோவாந்தஸும் உள்ள தொட்டியில் தின்பது குறைவு, பாறையில் ஊதா நிறப் பாசி படிவதற்குப் போவதுதான் பெரும்பங்கு. நாளுக்கு 0.3 என்று அளந்து தெரிந்தால் உங்கள் 300 லிட்டருக்கு 1.2 கிராம். அதை 2 லிட்டர் ஆர்ஓ நீரில் கலக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுங்கள். மேலே பால் ஆடை போல ஒரு படலம் கட்டும், அதை உடைக்காமல் விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், கண்ணில் பட்டால் புண்ணாகும்.

சொட்டுவிட மருந்துக் கடை டிரிப்ஸ் செட் போதும். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 2 லிட்டரை ஒன்பது மணி நேரத்தில் விட நிமிடத்துக்கு 75 சொட்டு. இரவில் விடுங்கள், பிஎச் இறங்கும் நேரம் அதுதான். சம்ப்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் விழவேண்டும். அந்த 2 லிட்டர் தினமும் ஆவியாகும் நீருக்கு ஈடாகவே போக வேண்டும், கூடுதலாகப் போனால் உப்பளவு இறங்கும். தானியங்கி டாப்-அப்போடு இணைத்தால் சுண்ணாம்பு நீர் வாளியைச் சிறிதாகவே வையுங்கள். மிதவை ஸ்விட்சில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், வாளி முழுவதும் தொட்டிக்குள் போய்விடும்.

அப்படிப் போய் பிஎச் 8.7ஐத் தாண்டி, நீர் பாலாகிவிட்டால் ஆசிட் பாட்டிலைத் தேடாதீர்கள். குறைப்பதற்குத் தேவை கார்பன் டை ஆக்சைடு, அது சோடா பாட்டிலில் இருக்கிறது. சர்க்கரை, வாசனை, உப்பு எதுவும் சேராத வெறும் சோடா, பன்னீர் சோடா அல்ல. லிட்டருக்கு 1.6 மில்லி என்றால் சுமார் 0.3 இறங்கும். உங்கள் தொட்டிக்கு அரை லிட்டர் அளவு. சம்ப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுநடுவே அளந்து பாருங்கள்.

இதெல்லாம் இப்போதைக்கு அல்ல. கேஎச் 11.5ல் இருக்கும்போது சுண்ணாம்பு நீரைத் தொடவே கூடாது. முதலில் வாரம் 60 லிட்டர் மாற்றுங்கள், கேஎச் 8 உள்ள உப்பு நீரால். ஒரு முறைக்கு 11.5லிருந்து 10.8 ஆகும். தொட்டி தின்பதும் சேர்ந்து மூன்று நான்கு வாரத்தில் 9க்கு வந்துவிடும். புதிதாகக் கலக்கிய உப்பு நீரின் பிஎச்சை உடனே அளந்து பயப்பட வேண்டாம், ஒரு நாள் காற்றூட்டிய பிறகு அளங்கள்.

உப்பு கலக்கும் நீர் எங்கிருந்து என்று நீங்கள் சொல்லவில்லை. சமையலறை ஆர்ஓவில் டிடிஎஸ் சரிசெய்யும் திருகும் தாது சேர்க்கும் கூடும் இருக்கும். அந்தத் திருகு வழியாக ஆர்ஓ சவ்வைக் கடக்காத போர் தண்ணீரும் கலக்கிறது. அதைத் தொட்டிக்குப் பயன்படுத்தினால் கேஎச் எண் உங்கள் கையில் இருக்காது. கடல்நீரே கிடைக்கிறதே என்று சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ, கடலூரில் கெடிலம் கலக்கும் இடத்திலோ ஐப்பசி கார்த்திகையில் மொண்டு வந்தால் உப்பும் கேஎச்சும் இறங்கி, ஆற்று அழுக்கும் கூட வரும்.

சிறு விஷயங்கள் சில. மீன் குதிக்காமல் இருக்கக் கண்ணாடி மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள். கேபினட் கதவை இரவில் திறந்து வையுங்கள். சம்ப்பில் இடமிருந்தால் சீட்டோ பாசி வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்த பின் அதற்கு விளக்கு எரியவிடுங்கள், விடியற்காலைச் சரிவு குறையும். காலைக்கும் மாலைக்கும் 0.2, 0.3 வித்தியாசம் இருப்பது இயல்பு. 8.3 என்ற எண்ணைத் துரத்த வேண்டாம். உங்களிடம் இருக்கும் கோரல்களுக்கு காலை 7.9, மாலை 8.1 தாராளம். உயர்ந்த பிஎச்சால் அதிகப் பயன் பெறுபவை கல் எலும்பு வளர்க்கும் கோரல்கள். அவை வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலிலிருந்து எடுத்த பவளத்தையோ பாறையையோ யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்கள். மழைக்கு ஜன்னல் சாத்தியிருக்கும், ஈரக்காற்றில் ஆவியாதலும் பாதியாகும். சுண்ணாம்பு நீர் விடுபவராக இருந்தால் உள்ளே போகும் அளவும் பாதியாகும், பிஎச் இரண்டு பக்கமும் அடி வாங்கும். அந்த மாதங்களில் அதே கிராமைக் குறைந்த நீரில் கரையுங்கள், லிட்டருக்கு ஒன்றரை கிராமைத் தாண்டாமல். 2011இன் 'தானே', 2024இன் 'ஃபெஞ்சல்' போல் புயல் வந்து மின்சாரம் போனால் அப்போது பிஎச் இறங்குவது தூள் கேட்டு அல்ல, காற்று கேட்டு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே சார்ஜ் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, கேபினட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மின்சாரம் வந்து ஸ்கிம்மர் ஓடத் தொடங்கி ஒரு நாள் ஆகும் வரை மீட்டரை எடுக்க வேண்டாம்.